தணலில் தாராத் துண்டுகள்: குறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

விருந்துச் சாப்பாடு தொடங்குமுன் கையில் எடுத்துக் கடிப்பதற்கென்று, தாராவின் (வாத்தின்) நெஞ்சிறைச்சியை விரல் நீளக் கீலங்களாக அரிந்து, உப்பும் மிளகும் இட்டு ஊறவைத்து, விதை நீக்கிய கறிமிளகாய்த் துண்டு ஒன்றோடும் சிறிது சீஸோடும் சுருட்டி, குச்சியில் கோத்துத் தணலில் சுட்டெடுக்கும் முறை, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்களோடு எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. வட அமெரிக்காவில் இதனைக் காட்டுத்தாராவில் செய்து, உப்பிட்டுப் புகையூட்டிய பன்றி வயிற்றிறைச்சியான பேக்கனால் சுற்றுவார்கள். நாங்கள் வீட்டில் வளர்த்த தாராவில் செய்கிறோம். பன்றி உண்ணாதவர்கள் வரும் நாளில் தாராவின் தோலையே மெல்லிய நாடாவாக அரிந்து சுற்றுகிறோம். செய்முறை எளிது. ஆனாலும் முதற் சில தடவைகள் நான் விருந்தினர் முன் வைத்தவை கருகியவையாகவோ, இழுபடுபவையாகவோ, வெடுக்கு அடிப்பவையாகவோதான் இருந்தன. அந்தக் குறிகள் ஒவ்வொன்றையும் காரணத்தோடும் மாற்று வழியோடும் கீழே எழுதியிருக்கிறேன். கெட்டுப்போன தட்டு கையில் இருக்கும்போதும் வாசிக்கலாம். அடுப்பு மூட்டுமுன் வாசித்தால் இன்னும் நல்லது.

எந்தத் தாரா என்பதை முதலில் தெளிவாக்க வேண்டும். மாரி காலத்தில் வடபகுதிக் களப்புகளில் வந்திறங்கும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமத்தலை வாத்து ஆகியவை வட ஆசியாவிலிருந்து வலசை வருபவை. அவை சட்டியில் போடுவதற்குரியவை அல்ல. இலங்கையின் 1937ஆம் ஆண்டு 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அவற்றைப் பாதுகாக்கின்றன. அந்தக் களப்புகளுள் ஒன்றான, 1938 இல் சரணாலயமாக்கப்பட்ட சுண்டிக்குளம் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் ஆகிவிட்டது. ஆகவே யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இங்கே கூறப்படுவதெல்லாம் வளர்ப்புத் தாராவைப் பற்றியது. அனுமதிப்பத்திரத்தோடு வேட்டையாடக்கூடிய நாடுகளில் வாழும் உறவினர்களுக்காகக் காட்டுத்தாராவுக்கே உரிய சில குறிகளையும் கடைசிப் பகுதியில் சேர்த்துள்ளேன்.

பிழைகளுள் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைப்பவை: கோழிக்குப் பழகிய கையால் தாராவைத் தொடுவதே அந்த வேர். கோழியின் நெஞ்சு வெண்ணிற இறைச்சி. தாராவின் நெஞ்சோ, நெடுந்தூரம் பறக்கும் இனத்தின் பறப்புத் தசை என்பதால் மயோகுளோபின் என்ற சிவப்பு நிறப் புரதம் நிறைந்து கருஞ்சிவப்பாக இருக்கும். நெருப்பின் முன் அது கோழியைப் போல நடந்துகொள்ளாமல் மாட்டிறைச்சியின் மெல்லிய துண்டைப் போல நடந்துகொள்ளும். தொடையும் காலும் வேறு குணம். அவை ஆட்டுக்காலைப் போல நெடுநேரம் வேகவேண்டியவை. இவற்றின் மேல் கோழிக்கு இல்லாத தடிப்பில் ஒரு கொழுப்புப் படை தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. நெஞ்சு, கால், தோல் என்ற மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு நேரமும் சூடும் தேவை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழேயுள்ள குறிகளில் பாதி வராமலே போகும்.

அடுப்பு அமைப்பும் இதற்கேற்றதாக இருக்க வேண்டும். பாதியாக வெட்டிய பரலாக (பீப்பாயாக) இருந்தாலும், சீமெந்துக் கற்களை இரு வரிசையாக அடுக்கி மேலே கம்பித்தட்டு வைத்ததாக இருந்தாலும், கரியை முழுவதும் பரப்பாமல் ஒரு பக்கத்தில் மட்டும் குவித்து, மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். தணலுக்கு நேர்மேலே ஒரு சூடு, வெறும் பக்கத்தின் மேல் வேறொரு சூடு; இரண்டும் ஒரே நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். கம்பித்தட்டுக்கு ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள்: இரண்டு மூன்று எண்ணுவதற்குள் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தால் கடுஞ்சூடு, நாலைந்து எண்ணும்வரை தாங்கினால் நடுத்தரம், எட்டுப் பத்து என்றால் மெல்லிய சூடு. இடையில் ஒரு சொல்: கோழிக்கூட்டுக்கு அடிக்கும் நாகம் (துத்தநாகம்) பூசிய வலையைக் கம்பித்தட்டாகப் பயன்படுத்த வேண்டாம், கடுஞ்சூட்டில் அந்தப் பூச்சு உணவோடு சேரக்கூடியது.

தீ கிளம்பி எழுகிறது; துண்டுகளில் கரி படிகிறது

துண்டுகளைத் தட்டில் வைத்த ஒன்றிரண்டு நிமிடங்களில் மஞ்சள் சுவாலை எழும்பி, அதன் பின் கரும்புகை வந்து, இறைச்சியின் மேல் விளக்குப் புகைபோல ஒரு கறுப்பு படிகிறதென்றால், உருகிய கொழுப்பு தணலில் சொட்டுகிறது என்று பொருள். தாராக் கொழுப்பு எங்கள் ஊர்ச் சூட்டில் மேசையில் வைத்தாலே இளகி நிற்பது. தணலின் மேல் அது தண்ணீராக ஓடும். இந்த நேரத்தில் பலரும் செய்வது தண்ணீர் தெளிப்பது. எரியும் கொழுப்பில் தண்ணீர் விழுந்தால் சாம்பலும் சூடான நெய்த்துளியும் கிளம்பி இறைச்சியிலும் கையிலும் தெறிக்கும்; ஆகவே அதைச் செய்யாதீர்கள். துண்டுகளை இடுக்கியால் வெறும் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, மூடி இருந்தால் மூடி, காற்றைக் குறைத்தால் சுவாலை தானே அடங்கும்.

மறுமுறை இது வராதிருக்க, நெஞ்சிறைச்சியிலிருந்து தோலை முழுவதும் உரித்துவிட்டு, சிவந்த தசையை மட்டும் துண்டாக்குங்கள். சுற்றுவதற்குத் தோல் வேண்டுமென்றால், அதை முன்கூட்டியே தாச்சியில் இட்டுப் பாதிக் கொழுப்பை உருக்கி எடுத்துவிட வேண்டும். அந்த வேலையைத் தோல் பற்றிய பகுதியில் விரிவாகச் சொல்கிறேன். ஊறவைத்த கலவையில் மேலதிகமாக எண்ணெய் விடுவதும் இதே பிழையைத்தான் பெருக்கும். அரைக் கிலோ இறைச்சிக்கு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் தேவையில்லை.

வெளியே கருகிவிட்டது, உள்ளே பச்சையாக இருக்கிறது

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் ஒன்றாகவும் வரலாம். முதலாவது இனிப்பு. பனங்கட்டிப் பாகும் பழப்புளியும் சேர்த்த பூச்சு தாராவுக்கு மிகவும் பொருந்தும் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் சர்க்கரை 160 பாகை செல்சியஸைத் தாண்டியதும் நிறம் மாறத் தொடங்கி விரைவில் கருகிக் கசந்துவிடும், தணலுக்கு மேலுள்ள கம்பியின் சூடோ அதைவிட மிகக் கூடியது. அந்தப் பூச்சை ஊறவைக்கும் கலவையில் சேர்க்காமல், துண்டுகள் வெந்து முடியும் கடைசி இரண்டு நிமிடத்தில் வெறும் பக்கத்தில் வைத்துப் பூசி, ஒருமுறை மட்டும் தணலின் மேல் காட்டி எடுங்கள். இரண்டாவது, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, நடுவில் உறைந்திருந்தது முழுவதும் இளகாத நிலையிலேயே அடுப்பில் வைப்பது. உறைந்த இறைச்சியைக் குசினி மேசையில் வைத்து இளக்குவதும் எங்கள் வெயிலுக்கு ஆகாத பழக்கம். முதல்நாள் இரவே பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். மூன்றாவது, துண்டின் தடிப்பு. சுருட்டிய பின் குறுக்களவு கட்டைவிரலின் பருமனைத் தாண்டினால், வெளிப்புறம் சிவக்கும் நேரத்துக்குள் நடுப்பகுதி வேகாது.

இப்போதே தட்டில் இருக்கும் கருகிய துண்டுகளை என்ன செய்வதென்றால், கருகிய பகுதியைக் கத்தியால் சீவிவிட்டு, வெறும் பக்கத்தில் வைத்து, அலுமினியத் தாளால் தளர்வாக மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்ப்பதே நம்பத்தக்கது. அமெரிக்க விவசாயத் திணைக்களம் தாரா உட்பட எல்லாப் பறவை இறைச்சிக்கும் 74 பாகை செல்சியஸ் என்று வரையறுத்துள்ளது. பெரிய உணவகங்களில் தாரா நெஞ்சை 57, 60 பாகையிலேயே எடுத்து நடுவே இளஞ்சிவப்பாகப் பரிமாறுகிறார்கள் என்பதும் உண்மை. சுவை அதில்தான் கூடுதல் என்பதும் உண்மை. முற்றத்தில் அறுத்து, முற்றத்தில் துப்புரவாக்கிய பறவையைப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கும் நாளில் நான் 74 இற்குக் கீழே இறங்குவதில்லை. அதனால் இறைச்சி சற்று இறுகும். அந்த இறுக்கத்தைக் குறைக்கும் வழிகள் அடுத்த பகுதியில் உள்ளன.

இறைச்சி செருப்புத் தோலைப்போல இழுபடுகிறது

அதிகமாக வரும் முறைப்பாடு இதுதான். காரணம் கண்டுபிடிப்பதும் இதில்தான் கடினம், ஏனெனில் ஒரே குறிக்கு நேர்மாறான இரண்டு காரணங்கள் இருக்கின்றன. நெஞ்சிறைச்சி இழுபட்டால் அது கூடுதலாக வெந்துவிட்டது. தொடையிறைச்சி இழுபட்டால் அது போதியளவு வேகவில்லை. இரண்டையும் கலந்து ஒரே குச்சியில் கோத்தவர் எந்தப் பக்கம் திருத்தினாலும் மறுபக்கம் கெடும். ஆகவே தட்டிலிருக்கும் துண்டு உடலின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதை முதலில் பாருங்கள்.

நெஞ்சாக இருந்தால், நேரத்தைக் குறைப்பதே முதல் மாற்றம். கட்டைவிரல் பருமனுள்ள துண்டுக்கு நடுத்தரச் சூட்டில் பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். அதன் பின் வெப்பமானி பேசட்டும். அடுத்தது அரியும் திசை. நெஞ்சிறைச்சியில் நார்கள் ஓடும் திசை கண்ணுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் திசையிலேயே நீளமாக அரிந்தால் ஒவ்வொரு துண்டும் முழுநீள நார்க்கட்டாக வாய்க்குள் போகும். நாருக்குக் குறுக்கே அரிந்தால் பல்லுக்கு முன்பே கத்தி வேலையை முடித்துவிடும். நெஞ்சை அரைமணி நேரம் உறைகுளிர்ப் பகுதியில் வைத்துச் சற்று விறைக்கவைத்தால் குறுக்கே மெல்லிதாக அரிவது எளிது. மூன்றாவது உப்புநீர்: ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு கரைத்து, அரிந்த துண்டுகளை இரண்டு மணி நேரமும் முழு நெஞ்சை ஓர் இரவும் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவிடுங்கள். உப்பு தசைப் புரதத்தைத் தளர்த்தி நீரைப் பிடித்துவைக்கச் செய்வதால், 74 பாகை வரை கொண்டுபோனாலும் இறைச்சி முழுவதும் வரண்டுவிடாது. உப்புநீரில் ஊறியதைப் பிறகு மசாலாவில் பிரட்டும்போது உப்பை மறுபடி சேர்க்காதீர்கள். “தாரா கரிக்கிறது” என்ற முறைப்பாட்டுக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

தொடையும் காலுமாக இருந்தால் வழி முற்றிலும் வேறு. அவற்றிலுள்ள இணைப்புத் திசுக்கள் கரைந்து பசைபோல இளகுவதற்கு நீண்ட நேரமும் ஈரமான சூடும் தேவை. தணலின் காய்ந்த சூட்டில் பத்து நிமிடத்தில் அது நடக்காது. இஞ்சி, உள்ளி, றம்பை, சிறிது வினாகிரி சேர்த்து, மெல்லிய கொதியில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் அவித்து, எலும்பு தானாகக் கழலும் பதத்தில் எடுத்து, ஆறவைத்துத் துண்டாக்கி, அதன் பின்னரே தணலில் மேல்முறுகல் ஏற்றுங்கள். பிறஷர் குக்கரில் அரைமணி நேரம் போதுமாக இருக்கும். அவித்த நீரை வீசாமல் வற்றவைத்து, மிளகுத்தூளோடு பூச்சாகப் பயன்படுத்தலாம். அன்றைய தட்டில் எனக்குப் பிடித்தது பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

பறவையின் வயதும் இதில் உண்டு. முட்டைக்காக இரண்டு மூன்று வருடம் வளர்த்து, முட்டை நின்ற பிறகு அறுக்கும் தாராவின் நெஞ்சைக்கூடத் தணலுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன், அது கறிக்குரியது. மூன்று நான்கு மாதத்துக் குஞ்சுத் தாராவே சுடுவதற்குப் பதம். முகத்தில் சிவந்த தசைமுண்டுகள் உள்ள மஸ்கோவித் தாரா கிடைத்தால் நெஞ்சு பெரிதாகவும் கொழுப்புக் குறைவாகவும் இருக்கும், ஆனால் அதன் ஆண் பறவை முற்றினால் இறைச்சி விரைவில் கடினமாகும்.

மேற்பரப்பு மாவாகக் கரைகிறது. நடுப்பகுதி இன்னும் இறுக்கமாக உள்ளது

முந்திய பிழையைத் திருத்தப் போய் விழும் பள்ளம் இது. பப்பாசிக்காய் அரைத்துப் பூசினால் இறைச்சி இளகும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்ததே. ஆனால் அதிலுள்ள பப்பேன் என்ற நொதி உள்ளே ஊடுருவாமல் மேற்பரப்பிலேயே வேலைசெய்கிறது. அது மிகவும் சுறுசுறுப்பாக இருப்பது 60, 70 பாகை அளவிலான சூட்டில் என்பதால், அடுப்பில் வைத்த பிறகும் சில நிமிடம் தசையை அரித்துக்கொண்டே இருக்கும். இரவு முழுவதும் பப்பாசியில் ஊறிய துண்டு வெளியே கஞ்சியாகவும் உள்ளே நாராகவும் இருப்பதன் காரணம் அதுவே. அரைக் கிலோ இறைச்சிக்கு ஒரு தேக்கரண்டி விழுது, அரைமணி நேரம், அதன் பின் கழுவித் துடைத்தல்: இதற்கு மேல் வேண்டாம். தேசிக்காய்ப் புளியும் நீண்ட நேரம் நின்றால் மேற்பரப்பை வெளிற வைத்துப் பிசுபிசுப்பாக்கும். அதை ஊறவைக்கும் கலவையில் விடாமல் பரிமாறும் நேரத்தில் பிழிவதே நல்லது.

வெடுக்கு அடிக்கிறது

சேற்று மணம், மீன் மணம், பழைய எண்ணெய் மணம் என்று விருந்தினர் எந்தப் பெயரில் சொன்னாலும், தேடவேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது, வாலின் அடியில் மேற்புறமாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பி. தாரா தன் இறகுகளில் தண்ணீர் ஒட்டாதபடி அலகால் எடுத்துப் பூசிக்கொள்ளும் எண்ணெய் அங்கிருந்துதான் வருகிறது. அதை வெட்டி நீக்காமல் பறவையை முழுதாகக் கழுவினால், அந்த மணம் கத்தியிலும் பலகையிலும் கையிலும் ஏறி நெஞ்சிறைச்சி வரை பரவும். இறகு பிடுங்கி முடித்த உடனே, வேறெதையும் வெட்டுமுன், மஞ்சள் நிறமாகத் தெரியும் அந்தச் சுரப்பியைச் சுற்றியுள்ள கொழுப்போடு ஆழமாக அரிந்து வீசிவிட்டு, கத்தியைச் சவர்க்காரமிட்டுக் கழுவிவிட்டே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாவது, தீனி. பறவை தின்றதன் மணம் தசையைவிடக் கொழுப்பிலேயே கூடுதலாகத் தங்குகிறது. கருவாட்டுத் தூளும் மீன் கழிவும் தின்று வளர்ந்த தாராவின் கொழுப்பில் மீன் மணம் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். அறுப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே நெல், தவிடு, சோறு, கீரை என்று தீனியை மாற்றினால் பெரிய வேறுபாடு தெரியும். பறவை ஏற்கெனவே சட்டிக்கு வந்துவிட்டதென்றால், தோலையும் வெளிக்கொழுப்பையும் முழுவதும் நீக்கி, தசையை மட்டும் உப்புநீரில் ஓர் இரவு, பிறகு மோரில் இரண்டு மணி நேரம் வைத்து எடுங்கள். மிளகாய்த்தூளை இரட்டிப்பாக்கி வெடுக்கை மறைக்கலாம் என்று நினைப்பது வீண்; காரமும் வெடுக்கும் சேர்ந்தே நாவில் ஏறும். வறுத்து இடித்த பெருஞ்சீரகமும் மிளகும் அதைவிட நன்றாகத் தணிக்கும்.

ஈரல் சுவை வருகிறது

வெடுக்கோடு இதனைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கருஞ்சிவப்பு இறைச்சியிலுள்ள இரும்புச் சத்து கூடுதலான சூட்டில் இந்தச் சுவையை வெளிக்காட்டுகிறது. ஆகவே இதுவும் நேரம் கூடியதன் அடையாளமே. சரியாக இரத்தம் வடியவிடாத பறவையிலும் இது வரும். உப்புநீரை ஒருமுறை மாற்றி ஊறவைத்தால் பெரும்பாலும் நீங்கிவிடும்.

சுற்றிய தோல் சவ்வாக இருக்கிறது, மொறுமொறுக்கவில்லை

பச்சைத் தோலைச் சுற்றி நேரே தணலில் வைத்தவர்களுக்கு வரும் ஏமாற்றம் இது. உள்ளே இருக்கும் நெஞ்சுத் துண்டுக்கு ஐந்தாறு நிமிடம் போதும். வெளியே இருக்கும் தோலின் கொழுப்பு உருகி முடிய அதைப்போல மும்மடங்கு நேரம் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டு இரண்டும் சரியாக வரவேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று. பேக்கனைச் சுற்றுபவர்களும் இதே காரணத்தினால் அதை முதலில் பாதி வேகவைத்தே சுற்றுகிறார்கள்.

தோலைக் கொழுப்போடு உரித்தெடுத்து, கொழுப்புப் பக்கத்தில் கத்தியால் ஆழமின்றிக் கட்டம் கட்டமாகக் கீறுங்கள். காயாத, குளிர்ந்த தாச்சியில் கொழுப்புப் பக்கம் கீழாக விரித்துவைத்து, அதன் பிறகே அடுப்பை மிக மெதுவாக மூட்டுங்கள். சூடான தாச்சியில் போட்டால் வெளிப்புறம் உடனே இறுகி உள்ளேயுள்ள கொழுப்பை அடைத்துவிடும். குளிரிலிருந்து மெல்லச் சூடேறினால் கொழுப்பு வழிந்து வெளியேற வழி கிடைக்கும். பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் தோல் பாதியாக மெலிந்து பொன்னிறத்தை நெருங்கும். முறுகுவதற்கு முன், வளையும் பதத்திலேயே எடுத்து, நாடாவாக அரிந்து துண்டைச் சுற்றுங்கள். மீதி முறுகல் தணலில் மூன்று நிமிடத்தில் ஏறிவிடும். தாச்சியில் தேங்கிய கொழுப்பை வடிகட்டிப் போத்தலில் ஊற்றிக் குளிரில் வைத்தால், மரவள்ளிக்கிழங்கு பொரிக்க அதைவிட நல்ல எண்ணெயை நான் கண்டதில்லை.

சுடுமுன் தோலையும் துண்டுகளையும் துணியால் ஒற்றி ஈரம் நீக்குவதும் அவசியம். ஈரம் ஆவியாகி முடியும்வரை மேற்பரப்பு நூறு பாகையைத் தாண்டாது. தாண்டாதவரை அது சிவக்காது, அவிந்துகொண்டிருக்கும்.

சீஸ் வழிந்து தணலில் விழுகிறது

மென்மையான சீஸை அறைச் சூட்டில் வைத்துச் சுருட்டியிருப்பீர்கள். சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, உறையவைத்து, உறைந்த நிலையிலேயே கறிமிளகாய்க்குள் வைத்து மூடுங்கள். சுருளின் விளிம்பு கீழே வரும்படி முதலில் வைத்து இறுகவிட்டால் குச்சி கூட அதிகம் தேவைப்படாது. மூங்கில் குச்சியை அரைமணி நேரம் நீரில் ஊறவைப்பது எல்லோரும் அறிந்ததே. தென்னோலை ஈர்க்கு இதற்குத் தாங்காது, வளைந்து துண்டைத் தணலில் போட்டுவிடும்.

கசப்பு, மண்ணெண்ணெய் மணம்

கரியில் மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டிவிட்டு, சுவாலை நின்றதுமே இறைச்சியை வைத்தால் அந்த மணம் கொழுப்பில் அப்படியே இறங்கும். காய்ந்த பன்னாடையும் கொக்காரையும் இருக்கும் ஊரில் மண்ணெண்ணெய்க்கு என்ன தேவை என்று எனக்கு விளங்கவில்லை. பன்னாடையை அடியில் வைத்துப் பற்றவைத்து, அதன் மேல் சிரட்டைக்கரியைக் குவித்து, கரி முழுவதும் சாம்பல் பூத்து வெள்ளையாகும்வரை, ஏறத்தாழ இருபது முப்பது நிமிடம், பொறுத்திருங்கள். கறுப்பாகத் தெரியும் கரி இன்னும் புகையை வெளியேற்றிக்கொண்டிருக்கும் கரி.

கரியாக்காத பச்சைச் சிரட்டையை நேரடியாக எரித்துச் சுடுபவர்களும் இருக்கிறார்கள். அதன் புகை கடும் நெடியுடையது. நீண்டநேரம் வேகும் இறைச்சிக்குக்கூட அது மிகையாகிவிடும். ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை ஓடும்) அப்படித்தான்: முதலில் நன்றாகப் புகையும், புகை ஓய்ந்த பிறகு கிடைக்கும் தணலோ மிக அருமையானது. வேப்பம் விறகைத் தவிர்த்துவிடுங்கள். வண்ணம் பூசிய பழைய யன்னல் சட்டமும் பலகையும் எந்த நிலையிலும் உணவுக்குரிய விறகல்ல.

தணல் பாதியில் அடங்கிவிடுகிறது

சிரட்டைக்கரி மெல்லிய ஓடு என்பதால் விரைவில் பற்றி, கடுஞ்சூடு தந்து, விரைவில் முடிந்துவிடும். முப்பது நாற்பது துண்டு சுடுவதென்றால் பக்கத்தில் இன்னொரு சிறு குவியலை மூட்டிவைத்து, இருபது நிமிடத்துக்கொரு முறை கனிந்த கரியை அள்ளிச் சேருங்கள். கறுப்புக் கரியை நேரே கொட்டினால் முந்திய பகுதியிலுள்ள கசப்புத் திரும்பி வரும். அல்லது அடியில் விறகுக்கரிக் கட்டிகளையும் மேலே சிரட்டைக்கரியையும் கலந்து போடுங்கள். காற்றையும் கவனிக்க வேண்டும். ஆடியில் சோழகம் வீசும் மாலையில் திறந்த முற்றத்தில் அடுப்பு வைத்தால் ஒரு பக்கம் கொல்லனுலையாகவும் மறுபக்கம் சாம்பலாகவும் இருக்கும். வேலிக்கு மறைவாகவோ, காற்று வரும் பக்கத்தில் ஒரு தகரத்தை நிறுத்தியோ மூட்டுங்கள்.

கம்பியில் ஒட்டிக் கிழிகிறது

கம்பி போதியளவு காயவில்லை, அல்லது நீங்கள் பொறுக்கவில்லை. கறளும் பழைய கரியும் போகத் தேய்த்து, பத்து நிமிடம் காயவிட்டு, பாதி வெங்காயத்தை முள்ளுக்கரண்டியில் குத்தி எண்ணெயில் தோய்த்துக் கம்பியில் தேயுங்கள். வைத்த துண்டைப் புரட்டும்போது அது வர மறுத்தால் இன்னும் அரைநிமிடம் விடுங்கள். மேற்பரப்பு இறுகியதும் தானே விட்டுக்கொடுக்கும்.

காட்டுத்தாராவில் மட்டும் காணப்படும் குறிகள்

பல்லில் கடிபடும் சிறு உலோக மணி வேட்டைத் துப்பாக்கியின் சன்னம். கனடாவில் வலசைப் பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் 1999 இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது; ஐக்கிய அமெரிக்காவில் நீர்ப்பறவைகளுக்கு 1991 இலேயே தடை வந்தது. ஆகவே அங்கே கிடைப்பது பெரும்பாலும் உருக்குச் சன்னமாக இருக்கும். அது நஞ்சில்லாவிட்டாலும் பல்லை உடைக்கும். நெஞ்சுத் தசையில் கருநீலமாக இரத்தம் கட்டிய துளையைக் கண்டால், அதைத் தொடர்ந்து விரலால் தடவிப் பார்த்து, சன்னத்தையும் உள்ளே இழுத்துச்செல்லப்பட்ட இறகையும் எடுத்துவிட்டு, இரத்தம் கட்டிய பகுதியை அரிந்து நீக்குங்கள். வெடுக்குக்கும் கசப்புக்கும் அந்த இறகுகளே சிலவேளை காரணமாகின்றன.

தோலை உரித்ததும் நெஞ்சுத் தசையில் நாருக்கு இணையாக அரிசி மணிகளைப் பதித்ததுபோல வெண்ணிறப் புள்ளிகள் கிடந்தால், அது சாக்கோசிஸ்ரிஸ் என்னும் ஒட்டுண்ணியின் உறைகள். நன்கு வேகவைத்தால் மனிதருக்குத் தீங்கில்லை என்றே கருதப்படுகிறது. ஆனால் அதைச் சுட்டு விருந்தினருக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது. அப்படியான பறவையை விட்டுவிடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் பச்சையாகப் போடாதீர்கள்.

காட்டுத்தாராவில் இனமும் முக்கியம். மல்லார்ட் போன்று ஆழமற்ற நீரில் விதையும் தானியமும் தின்னும் இனங்களின் இறைச்சி நன்றாக இருக்கும்; மெர்கன்சர் மீன்தின்னி, அதன் வெடுக்கை எந்த மோரும் முழுமையாக எடுக்காது. பொதுவாகவே காட்டுத்தாராவின் நெஞ்சு சிறியதும் கொழுப்பற்றதுமாக இருப்பதால், மேலே வளர்ப்புத் தாராவுக்குச் சொன்ன நேரத்தில் மூன்றிலொரு பங்கைக் குறைத்துக்கொண்டு, தோலுக்குப் பதிலாக பேக்கனையோ வளர்ப்புத் தாராவின் தோலையோ சுற்றுங்கள்.

வெட்டியதும் சாறு தட்டில் ஓடுகிறது

தணலிலிருந்து எடுத்த துண்டுகளை நான்கு நிமிடம் தளர்வாக மூடி வைத்திருங்கள். அந்த நேரத்தில் உட்சூடு இன்னும் இரண்டு மூன்று பாகை ஏறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பச்சை இறைச்சி ஊறிய கோப்பையில் வெந்ததைத் திருப்பி வைக்காதீர்கள்; ஊறிய கலவையைப் பூச்சாகப் பயன்படுத்துவதானால் முதலில் நன்றாகக் கொதிக்கவையுங்கள். வாழையிலையை தணலில் ஒருமுறை வாட்டி, அதன் மேல் துண்டுகளை அடுக்கி, தேசிக்காயைப் பிழிந்து, மெல்லிதாகச் சீவிய சின்ன வெங்காயத்தைத் தூவி, சூடு ஆறுமுன் கொண்டுபோங்கள். ஆறினால் மேலுள்ள கொழுப்பு உதட்டில் பிசுபிசுக்கும்.